ஜவ்வாது மலைச் சாமிகளும் பின்நவீனத்துவமும்

பின்நவீனத்துவம் என்ற சொல்லைத் தத்துவ உலகில் நிலைநிறுத்தியது ஓர் அறிக்கை. கணினிக் காலத்தில் அறிவின் நிலை என்னவாகும் என்று எழுதித் தரும்படி, கனடாவின் கியூபெக் மாநில அரசைச் சார்ந்த பல்கலைக்கழக மன்றம் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் பிரான்சுவா லியோதாரிடம் கேட்டது. அவர் எழுதிக் கொடுத்தது 1979இல் 'பின்நவீன நிலை' என்ற புத்தகமாக வெளிவந்தது. பெருங்கதையாடல்கள் மீதிருந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது என்பதே அதன் மையச் செய்தி. மனித குலம் முழுவதும் ஒரே பாதையில் போகிறது, அந்தப் பாதை முடியும் இடம் எங்களுக்குத் தெரியும் என்று சொல்லும் கதைகளைத்தான் அவர் பெருங்கதையாடல் என்றார். அறிவு வளர வளர இருள் விலகும் என்பது அப்படி ஒரு கதை. வர்க்கப் போராட்டம் பொதுவுடைமையில் போய் முடியும் என்பது இன்னொன்று.

இந்தக் கதைகளில் மதத்துக்கு ஓர் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தது: அது தேய்ந்து மறைய வேண்டிய பழைய சரக்கு. பள்ளிக்கூடமும் மின்சாரமும் ஆஸ்பத்திரியும் வந்தால் பூசாரிக்கு வேலை இருக்காது என்பதே இருபதாம் நூற்றாண்டுச் சமூகவியலின் பொதுக் கணிப்பு. தமிழகத்தில் பகுத்தறிவு இயக்கமும் இடதுசாரி இயக்கமும் தத்தம் வழியில் அதையே எதிர்பார்த்தன. லியோதாரின் வாதம் இந்தக் கணிப்பின் அடித்தளத்தை ஆட்டியது. ஆனால் உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை, அல்லது கிருத யுகம் முதல் கலியுகம் வரை, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிச் சொல்லும் பெருமதங்களும் பெருங்கதையாடல்கள்தாம். ஆகவே அடி இரண்டு பக்கமும் விழுந்தது. மதத்தை ஒழிப்பேன் என்ற நவீனத்தின் அதிகாரம் கேள்விக்குள்ளானபோதே, எல்லாருக்கும் ஒரே உண்மை என்னிடம் இருக்கிறது என்ற மதத்தின் அதிகாரமும் கேள்விக்குள்ளானது. பின்நவீனத்துவத்துக்கும் சமய நம்பிக்கைக்கும் இடையே இன்றுவரை நீடிக்கும் இழுபறி இங்கேதான் தொடங்குகிறது.

ஐரோப்பாவில் இந்த விவாதம் பெரும்பாலும் கிறிஸ்தவத்தையும் யூத மரபையும் சுற்றியே நடந்தது. அங்கே வகுத்த கருத்துகள் தமிழ் மண்ணில் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க ஜவ்வாது மலை ஒரு நல்ல உரைகல். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் இதன் தலைமையிடம். செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் மலையின் விளைபொருள்கள். மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, இவர்கள் பேசுவது தமிழ். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் மலையாளிகளுக்குத்தான். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, ஜவ்வாது என்று மலை மலையாக வாழும் இவர்கள் எல்லாருமாகச் சுமார் மூன்றரை லட்சம் பேர்.

ஜவ்வாது மலைக்கு இவர்கள் எப்படி வந்தார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியில் வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டைத் தயாரித்த ஆங்கில அதிகாரிகள் அதைக் குறித்து வைத்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் அது இடம்பெற்றது. காங்குந்தி என்ற ஊரின் வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் மறுத்தார்கள். கோபம் கொண்ட வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களுடன் புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்தி, முடியாமல் திரும்பி, காஞ்சிக்கே போய்ச் சேர்ந்தன. அங்கே கருமாதி நடந்தது, மனைவிகள் விதவைகள் ஆனார்கள். வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பிய ஆண்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் சடங்குப்படி செத்தவர்கள். வேறு வழியின்றி வேடப் பெண்களையே மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறி, காடு திருத்தி விவசாயம் செய்தார்கள். இது நடந்த ஆண்டு சக வருடம் 1055 என்று கதை துல்லியமாகச் சொல்கிறது, கி.பி. கணக்கில் 1132-33.

மலையாளிகளிடையே இன்னொரு கதையும் உண்டு. அதில் ஏழு பேர் இல்லை, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். நாய்களும் இல்லை. காஞ்சியிலிருந்து கரிராமன் என்ற தங்கள் சாமியோடு கிளம்பியவர்கள் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு பக்கம் போய்த் தங்கினார்கள். பரவலாகச் சொல்லப்படும் இந்த வடிவத்தில் ஜவ்வாது மலைக்கு இடமே கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக நிற்பது காஞ்சிபுரம் ஒன்றுதான்.

நவீன வரலாற்றாளர் இந்தக் கதைகளிடம் கேட்கும் முதல் கேள்வி, எது நடந்தது என்பது. சக வருடக் கணக்கை உறுதிப்படுத்தக் கல்வெட்டோ செப்பேடோ கிடைக்காவிட்டால் அவர் அதைத் தொன்மம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பின்நவீனத்துவ வாசிப்பு வேறு கேள்வியை முன்வைக்கிறது: இந்தக் கதை என்ன வேலை செய்கிறது? மலையில் வாழ்பவர்கள் தாழ்ந்தவர்கள் என்று சமவெளி சொல்கிறது. நாங்கள் உங்களில் ஒருவராக இருந்தவர்கள், உங்கள் சடங்குதான் உயிரோடிருந்த எங்களைச் சாகடித்தது என்று கதை பதில் சொல்கிறது. உயர் குலத்தில் பிறந்ததையும் அதிலிருந்து வெளியேற்றப்பட்டதையும் ஒரே மூச்சில் சொல்லும் கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது. தாய்வழியில் வேடர் ரத்தத்தையும் மறைக்காமல் வைத்திருக்கிறது. ஆற்று வெள்ளமும் திரும்பி வந்த நாய்களும் யாரையும் குற்றவாளியாக்காமல் காரியத்தை முடித்துவிடுகின்றன. லியோதார் சிறுகதையாடல்கள் என்று சொன்னவை இப்படிப்பட்டவைதாம்: உலகம் முழுவதற்கும் பொருந்துவதாகச் சொல்லிக்கொள்ளாதவை, ஒரு கூட்டம் தன்னைத் தாங்கிக்கொள்ளப் போதுமானவை.

இந்த வாசிப்பில் ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. தொன்மம் என்று குப்பைக்குப் போயிருக்க வேண்டியது ஒரு சமூகத்தின் வாதமாக மதிப்புப் பெறுகிறது, அது லாபம். ஆனால் கதையைச் சொல்பவருக்கு அது வாதம் அல்ல, நடந்த சங்கதி. அவருடைய முன்னோர் நிஜமாகவே பாலாற்றைக் கடந்தவர்கள். நவீன ஆய்வாளர் அவரைப் பார்த்து நீங்கள் சொல்வது பொய் என்கிறார். பின்நவீன ஆய்வாளர் நீங்கள் சொல்வது அழகான கதையாடல் என்கிறார். இரண்டில் எது பெரிய மரியாதை என்று கதை சொன்னவரிடம் கேட்டால் பதில் அவ்வளவு எளிதாக வராது.

கதையிலிருந்து கல்லுக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஜவ்வாது மலையின் தென்பக்க அடிவாரத்தில் செங்கம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களின் கல்வெட்டுகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று வெளியிட்டது. பல்லவர் கால வட்டெழுத்துக் கல்வெட்டுகள் பலவற்றை ஒரே இடத்தில் தந்த தொகுப்பு அது. அவற்றில் எடுத்தனூர்க் கல் புகழ்பெற்றது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமை மந்தையைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வில்லும் வாளும் ஏந்திய வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், திருடர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்றும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் இத்தகைய கற்கள் பல இன்று வேடியப்பன். மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறி எழுத்து மறைந்து போயிருக்கும். பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள், பிள்ளைக்கு அவன் பெயரையே வைக்கிறார்கள். மாடு பிடிச் சண்டையில் செத்த ஒரு குறிப்பிட்ட மனிதன், பெயரும் ஆண்டும் மறந்து, எல்லாரையும் காக்கும் தெய்வமாகிவிட்டான். கல்வெட்டாய்வாளருக்கு அந்தக் கல் ஓர் ஆவணம். கும்பிடுகிறவருக்கு அது சாமி. ஆய்வாளர் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எழுத்தைப் படியெடுக்கும்போது, பூசாரியின் கண்ணுக்கு அது சாமியின் மேல் கை வைப்பதாகவே படும்.

ழாக் தெரிதாவின் சிந்தனை பொருந்தி வரும் இடம் இது. 1967இல் வந்த 'எழுத்தியல் குறித்து' என்ற நூல் தொடங்கி அவர் திரும்பத் திரும்பச் சொன்னது: எழுதப்பட்ட ஒன்று எழுதியவன் கையை விட்டுப் போனதும், அதன் பொருளைக் காவல் காக்க யாராலும் முடியாது. புதிய சூழலில் அது புதிய பொருள் கொள்ளும்; கடைசிப் பொருள் என்பது தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். கருந்தேவகத்தியின் கல்லை நட்டவர்கள் நினைத்த பொருள்தான் மூலம், வேடியப்பன் வழிபாடு பின்னால் வந்த திரிபு என்று சொல்வது எளிது. ஆனால் கல்லை நட்டவர்களும் வெறும் தகவல் பலகையாக அதை நடவில்லை. செத்தவன் அதில் இருக்கிறான் என்று நம்பிப் படையல் வைத்தவர்கள் அவர்கள். அப்படிப் பார்த்தால் வட்டெழுத்தைப் படிப்பவரை விடக் கிடா வெட்டுகிறவர்தான் மூலப் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறார். மூலம் எது, திரிபு எது என்ற வரிசை இங்கே தலைகீழாகிறது.

இந்த வட்டாரத்துச் சாமிகள் எதை எடுத்தாலும் அடுக்குகள் கிளம்பும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனின் நவிர மலையையும் அதில் உறையும் காரியுண்டிக் கடவுளையும் குறிப்பிடுகிறது. நஞ்சுண்ட சிவன் என்று உரைகாரர் மரபு அதை விளக்குகிறது. அந்த மலை இன்று பர்வதமலை, உச்சியில் மல்லிகார்ஜுனர். போளூர் அருகே திருமலையில் நேமிநாதர் நெடிதாக நிற்கிறார். ஆம்பூர்ப் பக்கத்து அர்மாமலைக் குகையில் சமண ஓவியங்களின் எச்சம் தெரிகிறது. மலை மேலேயே காளியும் மாரியும் பெருமாளும் இருக்கிறார்கள். இவற்றில் ஏதோ ஒரு அடுக்கைக் காட்டி இதுதான் அசல் மதம் என்று சொல்லும் எந்த வாதமும் மற்ற அடுக்குகளை அழித்துத்தான் நிற்க முடியும்.

அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் அரசாங்கத்துக்கு இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் ஒரே ஒரு பதில்தான் எழுத முடியும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பழங்குடிகளின் வழிபாட்டுக்கு ஆவி வழிபாடு என்ற தலைப்பு இருந்தது. ஜே.எச். ஹட்டன் நடத்திய 1931 கணக்கெடுப்பில் அது பழங்குடி மதங்கள் ஆனது. எங்கே பழங்குடி மதம் முடிகிறது, எங்கே இந்து மதம் தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கணக்கெடுப்பு அதிகாரிகளுக்குத் தீராத தலைவலி. 1943இல் சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யே இவர்கள் பின்தங்கிய இந்துக்களே என்று புத்தகம் எழுதினார். மானிடவியலாளர் வெர்ரியர் எல்வின் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. விடுதலைக்குப் பின் தனித் தலைப்பு போய்விட்டது. மலையாளிகளில் பெரும்பாலோர் இந்து என்றே பதிவாகிறார்கள். 2011இல் வட மாநிலங்களில் சுமார் 49 லட்சம் பேர் தங்கள் மதம் சர்னா என்ற பழங்குடி மதம் என்று வற்புறுத்தி எழுத வைத்தார்கள். அதற்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் போட்டது.

மிஷேல் ஃபூக்கோ காட்டியது இதைத்தான். வகைப்படுத்துவது வெறும் எழுத்தர் வேலை கிடையாது. அது அதிகாரத்தின் வேலை, வகைப்படுத்தப்பட்டவர்கள் காலப்போக்கில் அந்த வகைக்குள்ளேயே தங்களைப் பார்க்கப் பழகிவிடுவார்கள். அவரைப் பின்பற்றி மானிடவியலாளர் தலால் அசத் 1993இல் இன்னும் ஒரு படி மேலே போனார். மதம் என்றால் மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கை என்ற வரையறையே ஐரோப்பியக் கிறிஸ்தவ வரலாற்றில் பிறந்தது, அதை எல்லா நாட்டுக்கும் பொதுவாக்க முடியாது என்றார். ஜவ்வாது மலையில் இது சட்டென்று விளங்கும். அங்கே ஒருவர் எதை நம்புகிறார் என்பதை விட, எந்த ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறார், யாருக்கு நேர்ந்துகொண்டார், முதல் விளைச்சலை எந்தச் சாமிக்குப் படைத்தார் என்பவை முக்கியம். கடவுள் இருக்கிறாரா என்று பட்டிமன்றம் நடத்த அங்கே தேவை எழவில்லை. சாமி கோபமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம்பிக்கையிலிருந்து அனுபவத்துக்கு வந்தால், விவாதத்தின் ஆரம்பம் 1902. வில்லியம் ஜேம்ஸ் அந்த ஆண்டு வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூல், மதங்களின் கோட்பாடுகள் எதுவானாலும் அவற்றுக்கு அடியில் நேரடியான ஓர் அனுபவம் ஓடுகிறது என்று வாதிட்டது. எல்லா ஞானியரும் ஒரே உண்மையைத்தான் தொட்டார்கள் என்ற பிரபலமான கருத்துக்கு அது பலம் சேர்த்தது. 1978இல் ஸ்டீவன் கட்ஸ் இதை மறுத்தார். மரபும் மொழியும் தொடாத கலப்பற்ற அனுபவம் என்று எதுவும் கிடையாது. யூத ஞானி யூத அனுபவத்தைப் பெறுகிறார், பௌத்தர் பௌத்த அனுபவத்தைப் பெறுகிறார். பம்பையும் உடுக்கையும் முழங்கச் சாமி வந்து ஆடுபவரைப் பார்த்தால் கட்ஸ் சொல்வது சரியாகவே தோன்றும். மாரியம்மன் திருவிழாவில் மாரியம்மன்தான் வருகிறாள். எந்தத் தாளத்துக்கு வர வேண்டும், வந்ததும் எப்படி ஆட வேண்டும், எந்தக் குரலில் குறி சொல்ல வேண்டும், வேப்பிலை எப்போது கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்த இலக்கணம். அதனால் ஆடுபவர் நடிக்கிறார் என்று ஆகாது. மொழி கற்றவன் பேசுவது எப்படி நடிப்பில்லையோ அப்படி.

மலைக்கு அருகே திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமணரின் வாழ்க்கை இந்த வாதத்தைக் கொஞ்சம் தடுமாற வைக்கிறது. 1896இல் மதுரையில் பதினாறு வயதுப் பையனாக அவர் அடைந்த மரண அனுபவத்துக்கு முன் அவர் வேதாந்த நூல் எதுவும் படித்ததில்லை. தனக்கு நேர்ந்ததற்கு என்ன பெயர் என்பதைப் பல வருடம் கழித்துப் புத்தகங்களில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அவர் கூறினார். கட்ஸ் கட்சியினர் விடமாட்டார்கள்: பெரியபுராணத்தை அவர் அதற்கு முன்பே படித்து உருகியிருந்தார், அருணாசலம் என்ற பெயர் ஏற்கெனவே அவர் மனத்தில் ஏறியிருந்தது, தமிழ்ப் பிராமணக் குடும்பத்துச் சூழலும் இருந்தது. இரு தரப்புக்கும் சான்று தரும் ஒரு வாழ்க்கையை வைத்துத் தீர்ப்பு எழுதுவது கடினம்.

ஐரோப்பாவில் கடவுளைப் பற்றிய பேச்சே பின்நவீனத்துவத்தால் புது வேகம் பெற்றது. தெரிதாவின் கட்டுடைப்பு முறையின் பெயரால் மதம் முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு அது ஏமாற்றம். அல்ஜீரிய யூதக் குடும்பத்தில் 1930இல் பிறந்த தெரிதா, தன்னை நாத்திகனாகக் கொள்வது பொருத்தம்தான் என்றார்; நான் நாத்திகன் என்று நேராகச் சொல்வதைத் தவிர்த்தார். 1994இல் இத்தாலியின் காப்ரித் தீவில் மதம் பற்றிய கருத்தரங்கில் பேசினார். 1997இல் அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் ஜான் கப்புட்டோ முன்னின்று கூட்டிய மாநாட்டில் இறையியலாளர்களோடு உட்கார்ந்து வாதிட்டார். கோட்பாடு இல்லாத, நிறுவனம் இல்லாத, ஆனாலும் வர வேண்டிய நீதிக்காகக் காத்திருக்கும் ஒரு மதத்தன்மை சாத்தியம் என்பது அந்த வட்டாரத்தின் எண்ணம். ழான் லுக் மரியோன் 1982இல், கடவுளை இருப்பு என்ற கருத்துக்குள் அடைப்பதே ஒருவகை உருவ வழிபாடு என்றார். ஜியானி வாத்திமோ 1996இல் எழுதிய சிறுநூலின் தலைப்பே, நம்புகிறேன் என்று நம்புகிறேன் என்பது. இதே கருவிகளை வைதிகர்களும் எடுத்துக்கொண்டார்கள். மதச்சார்பற்ற அறிவும் ஒரு கதைதானே, அப்படியென்றால் கிறிஸ்தவக் கதை அதைவிடச் சிறந்த கதை என்று ஜான் மில்பாங்க் 1990இல் வாதிட்டார். எல்லாமே கதை என்று ஆன பிறகு, என் கதையில் நான் ஏன் உறுதியாக நிற்கக் கூடாது என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

தமிழில் இந்தச் சிந்தனைகளுக்கு வழி திறந்தது தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்', 1982இல் வந்தது. 1990களில் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய 'நிறப்பிரிகை' பின்நவீனத்துவத்தைத் தலித் அரசியலோடும் பெரியாரோடும் சேர்த்து வாசித்தது. ஐரோப்பாவில் கடவுளின் இருப்பைச் சுற்றி ஓடிய விவாதம் இங்கே வேறு திசையில் திரும்பியது: யாருடைய சாமி, யார் பூசை செய்வது, யாரை உள்ளே விடுவது. நாட்டார் தெய்வங்களின் மீது அறிவுலகத்தின் பார்வை திரும்பியதும் இந்தக் காலத்தில்தான். தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' 1989இல் வெளிவந்தது. பின்நவீனத்துவ முத்திரை எதுவும் குத்திக்கொள்ளாமல், பெருங்கோயிலின் வரலாற்றைச் சுற்றுவட்டார மக்களின் பக்கமிருந்து சொன்ன ஆய்வு அது. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னில் பண்டிகைகளையும் புராணங்களையும் பௌத்தக் கதைகளாகத் திருப்பிச் சொன்னது, நூறாண்டு கழித்து டி. தருமராஜ் போன்றவர்களின் ஆய்வில் புதிய கவனம் பெற்றது. புனைவில் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்', 1997. அதில் கோயிலின் மூலவரான பெருஞ்சிலையைத் தங்கள் மூப்பன் என்று பழங்குடிகள் உரிமை கொண்டாடுகிறார்கள். மற்றவர்களுக்கு அது விஷ்ணு. வேடியப்பன் கல்லின் சிக்கலை ஒரு நாவலே தூக்கிச் சுமந்தது என்று சொல்லலாம்.

நாட்டார் தெய்வங்களைக் கொண்டாடும் இந்த உற்சாகத்தில் ஒரு கண்மூடித்தனமும் கலந்திருந்தது. ஒரு சடங்கு அடித்தட்டு மக்களுடையது என்பதாலேயே அது விடுதலை தரும் சடங்காகிவிடாது. மனநலம் பாதித்தவர்களைத் தர்காவுக்கு அருகிலிருந்த தனியார் காப்பகங்களில் சங்கிலியால் கட்டி வைத்த ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். கட்டுகளை அவிழ்க்க முடியாததால் தப்ப வழியில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த குடும்பங்களின் நம்பிக்கையைப் புரிந்துகொள்ளலாம். சங்கிலியை ஒரு மாற்றுக் கதையாடல் என்று எழுத எந்த ஆய்வாளருக்கும் கை வராது.

பின்நவீனத்துவத்துக்கு அறிவியலின் பக்கமிருந்து வரும் மறுப்புக்கு ஜவ்வாது மலையிலேயே ஓர் இடம் உண்டு. காவலூரில் 1960களின் இறுதியில் வானாய்வு தொடங்கியது. 1986இல் அந்த ஆய்வகத்துக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைத்தது. அப்போது அந்த விண்மீனின் ஒளி மறைப்புக்கு முன்பே விட்டுவிட்டு மங்கியதை ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரிலிருந்து பதிவு செய்தார்கள். பறக்கும் ஆய்வகத்திலிருந்து அதே நிகழ்வைப் பார்த்த அமெரிக்கக் குழுவும் அதைக் கண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. இந்த வளையங்கள் பழங்குடிக்கு ஒன்றாகவும் ஆய்வாளருக்கு வேறொன்றாகவும் இருப்பதில்லை. அறிவியலும் ஒரு கதை என்று வீசிச் சொல்லும் பின்நவீனத்துவ வடிவம் இங்கே தோற்றுப்போகிறது. அறிவியல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வீரக்கதை வேறு, அது கண்டுபிடிக்கும் வளையம் வேறு என்ற நிதானமான வடிவம் தாக்குப்பிடிக்கிறது. லியோதார் சொன்னதும் கிட்டத்தட்ட அந்த இரண்டாவதைத்தான். அவருக்குப் பின் வந்தவர்கள் பலர் முதலாவதற்குத் தாவினார்கள்.

அந்தத் தாவலின் அரசியல் விலையை மீரா நந்தா 2003இல் சுட்டிக்காட்டினார். மேற்கத்திய அறிவியல் என்பது ஒரு பண்பாட்டின் கட்டுமானம் என்று இடதுசாரிப் பின்நவீனர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்படியானால் வேத அறிவியல் எங்கள் பண்பாட்டின் அறிவியல் என்று இந்துத்துவம் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது என்பது அவர் குற்றச்சாட்டு. எதிர்த் திசையில் மதத் தலைவர்களும் அமைதியாக இல்லை. பின்னர் பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர், 2005 ஏப்ரலில் போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு முன் ஆற்றிய உரையில், எதுவும் உறுதியில்லை என்ற சார்புவாதம் ஒரு சர்வாதிகாரமாகி வருகிறது என்று எச்சரித்தார். பகுத்தறிவாளரும் போப்பும் ஒரே எதிரியைக் கண்டுகொண்டது வேடிக்கைதான், ஆனால் காரணம் தெளிவு: இருவருக்கும் உண்மை ஒன்றே.

தத்துவத்தில் முடியாத இந்த வழக்குக்குச் சட்டத்தில் ஒரு வழி திறந்தது, ஒடிசாவின் நியாம்கிரியில். அந்த மலையில் பாக்சைட் தோண்ட வேதாந்தா நிறுவனம் சம்பந்தப்பட்ட திட்டம் வந்தது. மலை முழுவதும் நியாமராஜா என்ற தெய்வத்தின் உறைவிடம் என்று டோங்கிரியா கோந்துப் பழங்குடியினர் எதிர்த்தார்கள். 2013 ஏப்ரல் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அவர்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்றது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை. ஜவ்வாது மலைக்கும் பொருந்தும் சட்டம் அது. நியாமராஜா நிஜமா, தொன்மமா, கதையாடலா என்று நீதிபதிகள் ஆராயவில்லை. யார் கும்பிடுகிறார்கள், எங்கே கும்பிடுகிறார்கள், தோண்டினால் அது நின்றுபோகுமா என்பவை மட்டுமே கிராம சபைகளின் முன் வைக்கப்பட்ட கேள்விகள். பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன.